சதீஷ் தவான்: இலக்கியமும் பயின்ற விண்வெளித் தலைவர்

விண்வெளி ஆய்வு நிறுவனத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய ஒருவர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர் என்னும் செய்தி, கவிதை அன்பர்களாகிய நமக்கு வியப்பும் மகிழ்வும் ஒருங்கே தருவது. சதீஷ் தவான் 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் இலக்கியமும் பயின்றார். 1945இல் இயந்திரப் பொறியியலிலும் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹான்ஸ் லீப்மன் என்னும் பேராசானிடம் பயின்று 1951இல் முனைவரானார்.

அவ்வாண்டே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். நாட்டின் முதல் மீயொலிக் காற்றுச் சுரங்கம் அங்கு அவர் முயற்சியால் உருவாயிற்று. 1962 முதல் 1981 வரை அக்கழகத்தின் இயக்குநராக விளங்கினார்.

1971 டிசம்பர் 30ஆம் நாள் கோவளத்தில் விக்ரம் சாராபாய் திடுமென மறைந்தார். அப்போது தவான் விடுப்பில் கலிஃபோர்னியாவில் இருந்தார். பிரதமர் இந்திரா காந்தி அவரை அழைத்தார். வேறொருவராயின் மறுகணமே விரைந்து வந்திருப்பர். தவானோ இரண்டு வேண்டுகோள்களை முன்வைத்தார். அறிவியல் கழகத்தின் இயக்குநர் பொறுப்பைத் தாம் துறக்கலாகாது. விண்வெளித் துறையின் தலைமையகம் பெங்களூரில் அமைதல் வேண்டும். இரண்டும் ஏற்கப்பெற்றன. இதனைப் பிடிவாதம் என்பாரும் உளர். தில்லியின் தாழ்வாரங்களிலிருந்து ஆய்வுக்கூடத்தைக் காத்த அறிவுடைமை என்றே யான் கொள்வேன். 1972 செப்டம்பரில் பொறுப்பேற்றார்.

1975இல் ஆரியபட்டா சோவியத் மண்ணிலிருந்து ஏறியது. அவ்வாண்டு தொடங்கிய செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சி 2,400 சிற்றூர்களை எட்டியது. ஆயினும் நம் மண்ணிலிருந்து நம் ஏவூர்தியால் ஒரு கோளை ஏவுவதே எஞ்சிய கனவு. எஸ்.எல்.வி.-3 என்னும் அவ்வூர்திக்குத் திட்ட இயக்குநர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம். பதினேழு டன் எடையும் நான்கு அடுக்குகளும் கொண்ட அவ்வூர்தி 1979 ஆகஸ்ட் 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அடைத்துக்கொண்ட ஒரு வால்வு வழியே நைட்ரிக் அமிலம் கசிந்திருந்தது. புறப்பட்ட 317ஆம் நொடியில் பல்லாண்டு உழைப்பு வங்கக் கடலில் வீழ்ந்தது.

செய்தியாளர் காத்திருந்தனர். கலாம் பின்னாளில் பல மேடைகளில் எடுத்துரைத்தபடி, தவான் தாமே அவர்முன் அமர்ந்து தோல்வியைத் தம் தோளில் ஏற்றார். தம் குழுவின்பால் நம்பிக்கை குன்றவில்லை என்றும் அறிவித்தார். 1980 ஜூலை 18ஆம் நாள் முப்பத்தைந்து கிலோ எடையுள்ள ரோகிணி சுற்றுப்பாதை சேர்ந்தபோது, செய்தியாளரைச் சந்திக்கும் பணியைக் கலாமிடமே விட்டார். இக்கதையைக் கேட்டுக் கைதட்டுவோர் பலர். முதல் நாளின் அச்செயலில் எத்துணை இடர் இருந்தது என்பதை எண்ணுவோர் சிலரே. ஓராண்டில் வெற்றி வாராதிருப்பின் அவர் பெயர் என்னாகியிருக்கும்?

1984இல் யு.ஆர். ராவிடம் தலைமையை ஒப்படைத்தார்.

ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தீவு. அவ்வேரியின் தென்கோடி நம் தமிழகத்தைச் சார்ந்தது. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் கூடும் நீர்வெளி அது. ஏவுதளம் எழுந்த மண்ணிலேயே பறவைகளையும் தவான் உற்று நோக்கினார். சிறகு காற்றை எவ்வாறு தாங்குகிறது, காற்று சிறகை எவ்வாறு தாங்குகிறது என்பதை ஆராய்ந்து பறவைகளின் பறத்தல் பற்றித் தனி நூலே எழுதினார். காற்றியக்கவியல் வல்லுநர் பலர் உளர். ஊர்தியை விடுத்து நாரையை நோக்கிக் கணக்கிட்டோர் அரியர்.

2002 ஜனவரி 3ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அவ்வாண்டிலேயே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திற்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது.