அயனி மண்டலம் ஆய்ந்த அறிஞர் மித்ரா

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மறைமலைநகரில் எங்கள் வீட்டில், தாத்தா பழைய பொருள் கடையில் வாங்கிய சிற்றலை ரிசீவர் ஒன்று உண்டு. அதில் ஒலியளவுக் குமிழோடு 'ஆர்.எஃப். கெயின்' என்று இன்னொரு குமிழும் இருக்கிறது. இரவில் தொலைநாட்டு நிலையத்தின் குரல் ஓங்கும், தேயும், மீண்டும் எழும். பெட்டி கெட்டுவிட்டதென்று தாத்தா ஒரு தட்டுத் தட்டுவார். நானோ இரண்டு குமிழ்களையும் கடைசிவரை திருகுவேன். இரைச்சல்தான் மிஞ்சும். குறை பெட்டியில் இல்லை என்று எனக்கு உணர்த்தியது சிசிர் குமார் மித்ரா என்னும் வங்க அறிஞரின் வாழ்க்கை.

1890-இல் பிறந்த மித்ராவின் தந்தை பள்ளி ஆசிரியர். தாய் பாகல்பூரில் மருத்துவப் பணி புரிந்தவர். 1912-இல் எம்.எஸ்ஸி. தேறிய மித்ரா, பாகல்பூர், பாங்குரா ஆகிய வெளியூர்க் கல்லூரிகளில் விரிவுரையாளரானார். ஆய்வு வசதி அங்கே ஏது? ஆயினும் அவர் ஆர்வம் அணையவில்லை. 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பின்னர் பிரான்சு சென்று வானொலி வால்வுகளைப் பற்றிக் கற்றார். 1923-இல் தாயகம் திரும்பி, வானொலி இயலை முதுகலைப் பாடமாக்கினார்.

பூமிக்கு மேல் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் வானொலி அலையைத் திருப்பும் 'ஈ' அடுக்கு உண்டு என்பதற்கு, 1930-இல் நம் நாட்டிலேயே சோதனைச் சான்று கண்டார். மேல் வளிமண்டலம் குறித்து 1947-இல் அவர் வெளியிட்ட பெருநூல் ரஷ்ய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. 1958-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1963-இல் மறைந்தார்.

அவர் துறையைப் படித்த பிறகே குமிழின் பொருள் எனக்கு விளங்கிற்று. அயனி அடுக்குகள் ஓயாமல் அசைகின்றன. பல வழிகளில் வரும் அலைகள் சில கணம் ஒன்றுகூடி ஓங்குகின்றன. சில கணம் ஒன்றையொன்று அழிக்கின்றன. குரல் தேயும்போது ரிசீவரின் ஏ.ஜி.சி. தானே பெருக்கத்தைக் கூட்டுகிறது. உடன் இரைச்சலும் பெருகுகிறது. ஆகவே இப்போது கெயினைச் சற்றுக் குறைத்து, ஒலியளவைக் கூட்டிக்கொள்கிறேன். இரைச்சல் தணிகிறது, குரல் நிற்கிறது. தேய்வது முற்றிலும் மாறவில்லை. அது வானத்தின் இயல்பு. தாத்தாவும் இப்போது பெட்டியைத் தட்டுவதில்லை.

நண்பர்களே! நம் ஆய்வுக்கூடத்தில் அது இல்லை, இது இல்லை என்று நாமும் மேசையைத் தட்டுகிறோம். பாங்குராவில் மித்ராவுக்கும் ஒன்றும் இருக்கவில்லை. இருப்பதைச் சரியாகத் திருப்பத் தெரிந்துகொள்வோம். தொலைவிலுள்ளதும் நமக்குக் கேட்கும்.