ஒரு தேவாலயம், ஓர் இதயம்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றுவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்தபோது ஆங்கிலம் எனக்கு அச்சமூட்டும் மொழியாகவே இருந்தது. அந்த அச்சத்தைப் போக்குவதற்காக நூலகத்தில் நான் எடுத்த முதல் தடித்த நாவல், தாமஸ் ஹார்டி எழுதிய 'டெஸ்'. அகராதியும் கையுமாக நான்கு மாதம் படித்தேன். பாதிதான் புரிந்தது. ஆயினும் அந்த மனிதரை என்னால் மறக்க முடியவில்லை.

எனவே, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் இங்கிலாந்தில் பயிலும் வாய்ப்புக் கிட்டியதும், நண்பர்கள் காற்பந்து அரங்குகளைத் தேடிப் போக, நான் டார்செஸ்டருக்கு இரயில் ஏறினேன். அந்த ஊரிலிருந்து ஆற்றோரப் பாதையில் அரை மணி நேரம் நடந்தால் ஸ்டின்ஸ்ஃபர்ட் என்னும் சிற்றூர் வரும். அங்குள்ள புனித மைக்கேல் தேவாலயம் சிறியது, பழையது. இங்கிலாந்தின் கிராமங்களில் இத்தகைய ஊர்த் தேவாலயங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பெயர் சூட்டுவதும் மணமுடிப்பதும் அடக்கம் செய்வதும் ஊர்மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அங்கேதான்.

ஹார்டி 1840ஆம் ஆண்டு இந்த ஊர் எல்லைக்குட்பட்ட ஹையர் போக்காம்ப்டனில் ஒரு கட்டடக் கொத்தனாரின் மகனாகப் பிறந்தார். அவருடைய தாத்தாவும் தந்தையும் சிற்றப்பாவும் இந்தத் தேவாலயத்தின் மேற்குப் பக்கத்து மரப்பரணில் அமர்ந்து வழிபாட்டுக்கு வயலினும் செலோவும் வாசித்தவர்கள். ஹார்டி குழந்தையாக இருந்தபோதே அந்த இசைக்குழு கலைக்கப்பட்டுவிட்டது. தாம் கேட்டறியாத அந்த இசையை, வீட்டார் சொல்லக் கேட்ட கதைகளைக் கொண்டே 1872இல் ஒரு நாவலாக்கினார்.

பதினாறு வயதில் அவர் டார்செஸ்டரில் ஒரு கட்டடக் கலைஞரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அந்த அலுவலகத்தின் முக்கிய வேலையே பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பதுதான். புதுப்பித்தல் என்றால் பழுதுபார்ப்பது என்று நானும் எண்ணியிருந்தேன். அக்காலத்தில் அது பெரும்பாலும் இடித்துக் கட்டுவதாகவே இருந்தது. இடைக்காலக் கட்டடக் கலையின் தூய வடிவம் இதுதான் என்று ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தாத பரண்களையும் பழைய இருக்கைகளையும் சுவர்ப்பூச்சையும் பெயர்த்தெறிந்தார்கள். அந்த வேலைக்கு ஹார்டியும் வரைபடம் வரைந்தார்.

1870ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், விடியும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பி, பல இரயில்கள் மாறி, கடைசிப் பதினாறு மைல் குதிரை வண்டியில் சென்று, கார்ன்வாலில் உள்ள செயின்ட் ஜூலியட் என்னும் ஊரை இரவில் அடைந்தார். இடியும் நிலையிலிருந்த அவ்வூர்த் தேவாலயத்தை அளந்து வருவதே அவருக்கு இடப்பட்ட பணி. குருவானவர் நோயுற்றுப் படுத்திருந்ததால் அவருடைய மைத்துனி எம்மா கிஃபர்டு வந்தவரை வரவேற்றார். வந்தவரின் சட்டைப்பையிலிருந்து நீலத் தாள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கட்டட வரைபடம் என்று எம்மா நினைத்தார். அது ஹார்டி எழுதிய கவிதையாம்! பிறகு நடந்ததை நான் சொல்லவும் வேண்டுமோ?

தேவாலயத்தின் பழைய கோபுரமும் வடபுறப் பகுதியும் இடிக்கப்பட்டன. புதிய பகுதிக்கு எம்மாவே அடிக்கல் நாட்டினார். செதுக்கு வேலைப்பாடு கொண்ட பழைய மரத் தடுப்பைக் காப்பாற்ற வேண்டுமென்று ஹார்டி அதைக் கவனமாக வரைந்து கொடுத்திருந்தார். ஒப்பந்தக்காரரோ நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் பளபளக்கும் புதுத் தடுப்பொன்றை வைத்துவிட்டார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

1874இல் இருவரும் மணந்துகொண்டனர். குழந்தைகள் இல்லை. நாவல்களால் புகழும் பணமும் சேரச் சேர, வீட்டில் பேச்சுக் குறைந்தது. கடைசி ஆண்டுகளில் எம்மா அதே வீட்டின் மாடி அறையில் தனித்து வாழ்ந்து, 1912 நவம்பரில் இறந்தார். இந்த இடத்தில் எனக்கு ஹார்டியின்மேல் கோபம் உண்டு. உயிரோடு இருந்தவரிடம் பேசாதவர், அவர் இறந்த பிறகு, எழுபத்திரண்டு வயதில், செயின்ட் ஜூலியட்டுக்குத் திரும்பிப் போனார். தாம் புதுப்பித்த தேவாலயத்திலேயே மனைவிக்கு நினைவுக்கல் ஒன்றைத் தாமே வடிவமைத்து வைத்தார். அவர் எழுதியவற்றுள் மிகச் சிறந்தவையென்று பலரும் போற்றும் கவிதைகள் அந்த மாதங்களில் பிறந்தவைதாம். அவருடைய மேசை நாட்காட்டி மார்ச் 7ஆம் நாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

தேவாலயங்களுக்கும் அவர் இப்படித்தான் காலம் கடந்து வருந்தினார். பழைய கட்டடங்களை இடிக்காமல் காக்க வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய சங்கத்தில் 1881இல் சேர்ந்தார். 1906இல் அச்சங்கத்திற்காக எழுதிய கட்டுரையில், தம் இளமைக்காலத் தொழில் விளைவித்த அழிவை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், இளமையிலேயே அவர் கடவுள் நம்பிக்கையை இழந்துவிட்டார். ஆனால் தேவாலயத்தின் மணியோசையையும் பாடல்களையும் இறுதிவரை விடவில்லை.

1928 சனவரி 11ஆம் நாள் ஹார்டி காலமானார். ஸ்டின்ஸ்ஃபர்டில் குடும்பத்தாரோடு அடக்கமாக வேண்டுமென்பதே அவர் விருப்பம். நாட்டின் பெரியவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயம்தான் தகுதியென்று பிடிவாதம் பிடித்தார்கள். முடிவில் உடல் எரியூட்டப்பட்டுச் சாம்பல் இலண்டனுக்குப் போனது. இதயம் மட்டும் தனியே எடுக்கப்பட்டு ஊருக்கு வந்தது. சனவரி 16ஆம் நாள் இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. அங்கே பேழையைச் சுமந்தவர்களுள் பிரதமரும் பெர்னாட் ஷாவும் கிப்ளிங்கும் இருந்தனர். இங்கே ஊர்மக்கள் கூடியிருந்தனர்.

தேவாலய வாசலுக்கு அருகில் ஹார்டி குடும்பக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெற்றோர், தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர். அவற்றுள் ஒன்றில் எம்மாவும் ஹார்டியின் இதயமும்; இரண்டாம் மனைவி புளோரன்ஸும் 1937இல் அங்கேயே சேர்ந்தார். யாரோ வைத்திருந்த சிறு மலர்க்கொத்து மழையில் நனைந்து கிடந்தது. மழை வலுக்கவே நான் தேவாலயத்திற்குள் ஒதுங்கினேன். கதவு பூட்டப்படவில்லை, உள்ளே ஒருவருமில்லை. நிமிர்ந்து மேற்குப் பக்கம் பார்த்தேன். அவருடைய அப்பா வயலின் வாசித்த பக்கம் அது. மழை விட அரை மணி நேரமாயிற்று.