எச். ஜி. வெல்ஸ்

எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரை விந்தை யந்திரங்களைக் கற்பனை செய்தவர் என்றே நம்மவரிற் பலர் அறிவர். அக்கற்பனைக்கு வித்தாயிருந்தவை யந்திரங்கள் அல்ல. ஒரு சமையலறையும் சில சுரங்க வழிகளுமே என்பது அவர் வரலாற்றை நோக்குவார்க்குப் புலனாகும்.

அவர் 1866ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் கெண்ட் பகுதியிலுள்ள புரொம்லி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் ஆட்டப் பொருள்களும் விற்றுவந்தார், வியாபாரம் நலிந்தது. அவர்தம் சமையலறை நிலமட்டத்துக்குக் கீழே இருந்தது. வீதியோரத்துக் கம்பித் தட்டியினூடாக அண்ணாந்து நோக்கிய சிறுவனுக்கு வழிப்போக்கரின் முகங்கள் தெரியவில்லை, சப்பாத்துக்களே தெரிந்தன. மாந்தருள் மேல் கீழ் என்னும் வேற்றுமையை அவர் கற்ற முதற் பள்ளி அதுவே எனலாம்.

1880இல் தாயார் சசெக்ஸ் பகுதியிலுள்ள அப்பார்க் மாளிகையில் ஏவலரை மேற்பார்க்கும் பணியை ஏற்றார். அங்கே ஏவலர் எசமானரின் கண்ணிற் படாது நடமாடுதற்கென நிலத்தின்கீழ்ச் சுரங்க வழிகள் இருந்தன. மகனோ புடைவைக் கடையொன்றிற் பயிலாளாக அமர்த்தப்பட்டு, நாளொன்றுக்கு 13 மணிநேரம் உழைத்தார். 1883இல் அதனை உதறி, மிட்ஹேஸ்ற் பாடசாலையில் மாணவ உபாத்தியாயர் ஆனார். மறு ஆண்டு உதவிச் சம்பளம் பெற்று இலண்டன் சென்று, தோமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பின்னர்ச் சில ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தார். நோயே அவரை அத்தொழிலினின்றும் பெயர்த்து எழுத்தின்பாற் செலுத்தியது.

1895இல் வெளிவந்த காலயந்திரம் என்னும் நூலில் ஹக்ஸ்லியின் பரிணாமப் பாடமும் அப்பார்க் சுரங்கமும் ஒன்றுகூடின. கதைத்தலைவன் 802,701ஆம் ஆண்டுக்குச் செல்கின்றான். மேலே ஒளியில் உலாவும் மெல்லியர் எலோய். கீழே இருளில் யந்திரம் இயக்குவோர் மோர்லொக். முன்னவர் செல்வர் வழிவந்தோர். பின்னவர் தொழிலாளர் வழிவந்தோர். வகுப்பு வேற்றுமை இறுகியிறுகி ஈற்றில் உயிரின வேற்றுமையே ஆயிற்று. மேலோர் கீழோருக்கு இரையாகும் கொடுமையையும் அங்கே காண்கின்றோம். யந்திரம் இக்கேட்டை உண்டாக்கவில்லை. உள்ள பிளவை ஆழமாக்கியது. 1898இல் வந்த உலகங்களின் போர் செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தை அழிக்க வருவதைக் கூறும். தஸ்மானியரை ஐரோப்பியர் அழித்த கதையைத் தொடக்கத்திலேயே ஆசிரியர் நினைவூட்டுகின்றார். பேரரசின் தாய்நாட்டில் இருந்துகொண்டு அதனை எழுதத் துணிவு வேண்டும்.

1908இல் ஆகாயப் போரைப் பற்றி எழுதினார். 1914இல், விடுதலை பெற்ற உலகம் என்னும் நாவலில், விமானத்திலிருந்து வீசும் அணுக்குண்டைப் பெயரிட்டே கூறினார். ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி லியோ சிலாட் அந்நூலை 1932இல் வாசித்தார். மறு ஆண்டு அணுவின் தொடர்த்தாக்கம் பற்றிய எண்ணம் அவருக்கு உதித்தது.

இத்தகையவரே 1914இல் மூண்ட போரை, போருக்கு முடிவுகட்டும் போர் எனப் போற்றினார். யாவும் முன்னறிந்தவர் இதனை அறியாமற் போனது வியப்பே. பின்னாளில் அவர் கசப்புற்றார். 1940இல் மனித உரிமைகளை வரைந்து நூலாக்கினார். 1941இல் ஆகாயப் போர் நூலின் புதிய பதிப்புக்கு முன்னுரை வரைந்தபோது, தாம் முன்னரே சொன்னதை மூடர் கேளாமற் போயினர் என்பதே தம் கல்லறை வாசகமாக வேண்டும் என்றார்.

1946 ஓகஸ்ட் 13ஆம் நாள் இலண்டனில் அவர் உயிர் பிரிந்தது. அன்று ஹிரோஷிமா எரிந்து ஓராண்டும் ஏழு நாள்களும் ஆகியிருந்தன.