பேரறிஞர் ஐன்ஸ்டைனும் ஈர்ப்பலைகளும்

அறிஞர் பெருமக்களை நாம் போற்றுவது அவர்தம் வெற்றிகளுக்காக மட்டும் அன்று. தாம் கண்டது மெய்தானா என்று தம்மையே வினவிக்கொண்ட பண்புக்காகவும் ஆகும். ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வாழ்வில் அத்தகைய பகுதி ஒன்றை ஈண்டு நினைவுகூர்வோம்.

1879-ஆம் ஆண்டு செர்மனியின் உல்ம் நகரில் அவர் பிறந்தார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே 1905-இல் சிறப்புச் சார்புக் கொள்கையை வெளியிட்டார். 1915-இல் பெர்லினில் பொதுச் சார்புக் கொள்கையை நிறைவு செய்தார். வெளியும் காலமும் வளைவதே ஈர்ப்பு என்பது அதன் சாரம். அங்ஙனமாயின், பெரும் பொருள்கள் விரைந்து சுழலும்போது, குளத்தில் கல்லெறிந்தாற்போல் அவ்வெளியில் அலைகள் எழவேண்டும் அன்றோ? 1916-இல் அவர் அவ்வாறே கணித்தார். அக்கணக்கில் இருந்த பிழையை 1918-இல் தாமே திருத்தினார்.

நாசிக் கொடுமையால் தாயகம் திரும்ப இயலாது, 1933-இல் அமெரிக்காவின் பிரின்சுடன் நகரில் குடியேறினார். அங்கு 1936-இல், ரோசன் என்பாருடன் ஆராய்ந்து, ஈர்ப்பலைகள் இல்லவே இல்லை என்னும் முடிவுக்கு வந்தார்! கட்டுரையைப் பெற்ற ஆய்விதழ் அதனை மற்றோர் அறிஞரின் மதிப்பீட்டுக்கு அனுப்பிற்று. அவரோ பிழை சுட்டினார். சினங்கொண்ட ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். எனினும் சினம் அவர் கண்ணை மறைக்கவில்லை. கணக்கை மீண்டும் ஆராய்ந்து, பிழையை உணர்ந்து, முடிவை மாற்றி, 1937-இல் வேறோர் இதழில் வெளியிட்டார். மதிப்பிட்டவர் இராபர்ட்சன் என்பது 2005-இல்தான் உலகறிய வெளிவந்தது.

1955-இல் ஐன்ஸ்டைன் மறைந்தார். 1969-இல் வெபர் என்னும் அறிஞர் அலைகளைக் கண்டதாக அறிவித்தார். பிறர் சோதனைகள் அதனை மெய்ப்பிக்கவில்லை. ஆதலின் பின்வந்தோர் பெரிதும் விழிப்புடன் இருந்தனர். 2015 செப்டம்பர் 14-ஆம் நாள், அமெரிக்காவின் லைகோ நிலையங்கள் இரண்டிலும் ஒரே குறிப்புப் பதிவாயிற்று. ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் இணைந்ததன் அலை அது. 4 கிலோமீட்டர் நீளமுள்ள கைகளில் அது விளைத்த மாற்றம், அணுக்கருவின் ஒரு புரோட்டானிலும் மிகச் சிறிது. ஆர்வம் மேலிட்ட போதும், ஐந்து திங்கள் சோதித்துப் பார்த்த பின்னரே, 2016 பிப்ரவரி 11-ஆம் நாள் அதனை அறிவித்தனர்.

மகாராட்டிரத்தின் இங்கோலி மாவட்டத்தில் இத்தகைய நிலையம் அமைக்க 2023-இல் இந்திய அரசு இசைவளித்தது. நம் குடியிருப்புச் சிறார்களுள் சிலர் நாளை அங்குப் பணிபுரியலாம். கணக்கறிவோடு, பிழை சுட்டுவாரைக் கேட்கும் நெஞ்சையும் அவர்களுக்கு நாம் பயிற்றுவோமாக.