இருட்பெட்டியுள் ஒரு பொறி

ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதும் பணியில் இளமையில் ஈடுபட்ட யான், பொருள் விளங்காத பாடம் ஒன்றைப் பிழையெனக் கருதித் திருத்திவிட்டேன். பின்னர்ப் பிறிதொரு பிரதியைக் கண்டபோது, பிழை ஏட்டினதன்று, என்னதே என உணர்ந்து நாணினேன். ஹைன்றிக் ஹேர்ட்ஸ் என்னும் ஜேர்மானிய விஞ்ஞானியின் சரிதத்தைப் படிக்குந்தோறும் அந்நாணம் மீள எழுகின்றது.

1857ஆம் ஆண்டு ஹம்பேர்க் நகரில் வழக்கறிஞர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த ஹேர்ட்ஸ், இளமையில் அரபு மொழியையும் விரும்பிக் கற்றவர். பேர்லினில் ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்னும் பேராசிரியரிடம் பௌதிகம் பயின்று, 1885இல் கார்ல்ஸ்றூ நகரத் தொழினுட்பக் கல்லூரியிற் பேராசிரியரானார். மின்காந்த அலைகள் உண்டென மக்ஸ்வெல் கணிதத்தாற் கூறியதைப் பரிசோதனையால் நிறுவ முயன்றார். ஓரிடத்தில் மின்பொறி எழுப்ப, அப்பால் இருந்த கம்பி வளையத்தின் சிறு இடைவெளியிலும் பொறி தோன்றிற்று.

அச்சிறு பொறியை நன்கு காணும்பொருட்டு அதனை இருட்பெட்டியுள் அடைத்தார். பொறியோ குறுகிற்று! கண்ணாடியால் மறைத்தபோதும் அவ்வாறே. குவார்ட்ஸ் படிகத்தால் மறைத்தபோது குறுகவில்லை. முதற்பொறியின் கழியூதாக் கதிரே துணைசெய்கின்றது என்பது புலனாயிற்று; ஏன் என்பது புலனாகவில்லை. தம் நோக்கத்துக்கு இடையூறாய் வந்த இதனை அவர் மறைத்தாரல்லர். பல திங்கள் ஆராய்ந்து, கண்டதைக் கண்டவாறே 1887இல் வெளியிட்டு, அலை ஆராய்ச்சிக்கு மீண்டார். மறு ஆண்டில் அதிலும் வென்றார்.

1889இல் பொன் நகரப் பல்கலைக்கழகம் சென்ற அப்பெருமகனார், மனைவியையும் இரு பெண்மக்களையும் விடுத்து, 1894 சனவரி முதல் நாள் 36 வயதிலேயே நோயால் மறைந்தார்.

ஒளி பட்ட உலோகத்திலிருந்து வெளிப்படுவன இலத்திரன்களே எனத் தோம்சன் 1899இற் காட்டினார். ஒளியின் செறிவு கூடின் இலத்திரன்களின் தொகை பெருகுமேயன்றி, ஒவ்வொன்றின் சக்தி பெருகாது என ஹேர்ட்சின் உதவியாளராயிருந்த லெனாட் 1902இற் கண்டார். ஒளி சக்திப் பொதிகளாய் வருகின்றது, பொதியின் சக்தி மீடிறனைப் பொறுத்தது என ஐன்ஸ்ரைன் 1905இல் விளக்கினார். ஒளியும் மின்காந்த அலையே என்பதற்குச் சான்று தந்த கையே, அலைக் கொள்கைக்கு அடங்காத உண்மையையும் எழுதிவைத்திருந்தது!

விளக்கம் வந்தபோது ஹேர்ட்ஸ் இலர். அவர் எழுதிவைத்தது இருந்தது. என் மாணாக்கர் விளங்காத பாடத்தைத் திருத்த எழுதுகோலை எடுக்கும்போதெல்லாம், யான் அவ்விருட்பெட்டியின் கதையைச் சொல்வதுண்டு.