யூசுப்கானும் மதுரை முற்றுகையும்

இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்தவராகக் கருதப்படும் யூசுப்கான் என்னும் கான்சாகிபு, கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைத்தலைவராக உயர்ந்தவர். திருச்சிராப்பள்ளிப் போரில் உணவுப்பொருள் வண்டித்தொடர்களைக் காத்தார். 1758–1759இல் சென்னையை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படையின் பொருள்வழிகளைத் தாக்கினார். முற்றுகையின் முடிவு பீரங்கியைக் காட்டிலும் உணவுவழியைச் சார்ந்தது என்பதற்கு இவ்விரு களங்களும் சான்று.

1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் பொறுப்பேற்றுப் பூலித்தேவர் முதலிய பாளையக்காரரை ஒடுக்கினார். ஆற்காட்டு நவாப் முகமது அலியுடன் முரண் முற்றவே, 1763இல் நவாபின் படையும் கம்பெனிப் படையும் மதுரைக் கோட்டையைச் சூழ்ந்தன. முதல் முற்றுகை மழைக்காலத்தில் கைவிடப்பட்டது. 1764 சூன் மாத இறுதியில் நிகழ்ந்த நேரடித் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. அதன்பின் கோட்டைக்குச் செல்லும் உணவு வரத்து அடைக்கப்பட்டது. பசி முற்றிய நிலையில், பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்தும் உடனிருந்த சிலரும் அவரைப் பிடித்துக் கொடுத்தனர். அக்டோபர் 15இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

கம்பெனி ஆவணங்கள் அவரைக் கலகக்காரராகப் பதிவுசெய்ய, ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல் அவரை வீரராக நினைவில் நிறுத்துகிறது. பாளையக்காரரைக் கம்பெனிக்காக ஒடுக்கியவரும் கம்பெனியை எதிர்த்து மாண்டவரும் ஒருவரே. ஆதலின், ஒருவகைச் சான்றை மட்டும் கொண்டு அவரை மதிப்பிடுதல் பொருந்தாது. உணவுவழியை அறுக்கும் கலையில் தேர்ந்தவர் அக்கலையாலேயே வீழ்ந்தார் என்பது இரண்டையும் இணைத்து நோக்குகையில் புலனாகிறது.