கேட்டு வாங்கிய கவிஞர்: பெரியசாமித் தூரன்

ஈரோட்டுப் பகுதியிலுள்ள மஞ்சக்காட்டுவலசில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் பெரியசாமித் தூரன். சென்னையில் பயின்ற காலத்தில், 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டதை அறிந்து மனங்கொதித்து இளங்கலைத் தேர்வைப் புறக்கணித்தார். பின்னர்க் கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியரானார். கவிதை, சிறுகதை, நாடகம் அனைத்தும் அவருக்குக் கைவந்தன. முருகன்மீது அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் இசையரங்குகளில் ஒலிக்கின்றன.

இத்தகைய படைப்பாளரைத்தான், அவினாசிலிங்கம் செட்டியார் 1946இல் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக்கியது. 1948இல் அப்பொறுப்பை ஏற்றபோது அவருக்கு அகவை நாற்பது. தாம் எழுதுவதினும் பிறரை எழுதுவிப்பதே இனித் தொழிலாயிற்று.

அப்பணியின் அருமை எளிதில் புலப்படாது. ஒரு மலருக்குப் பத்துப் பேரிடம் கட்டுரை கேட்டு அலைந்தவர்கள் சற்றே உணர்வர். தூரன் நாடியதோ நூற்றுக்கணக்கான அறிஞர்களை. துறைதோறும் எவை இடம்பெற வேண்டும், எது எத்தனை பக்கம் பெறும், எழுதத் தக்கவர் யார் என முன்னரே வரையறுத்தாக வேண்டும். அகரவரிசையோ இரக்கமற்றது. ஒரு பொருளுக்கு எந்தத் தமிழ்ச்சொல் தலைப்பாகும் என்பது முடிவாகாமல், அது எந்தத் தொகுதியில் அமையும் என்பதே தெரியாது. அகரத்தில் தொடங்கும் கட்டுரை ஒன்று தாமதித்தால் முதல் தொகுதியே காத்துக்கிடக்கும். துறை வல்லவர் சிலர்க்குத் தமிழில் எழுதும் பயிற்சி இல்லை. அவர்கள் ஆங்கிலத்தில் தந்தவற்றைத் தமிழாக்க வேண்டியிருந்தது. கலைச்சொற்களும் உடன் பிறந்தன.

முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. 1963க்குள் ஒன்பது தொகுதிகள் நிறைவுற்றன. விடுபட்டவற்றுக்கும் புதியனவற்றுக்குமாக 1968இல் பத்தாம் தொகுதி இணைப்பாக வந்தது. ஒன்பதோடு பணி முடிந்ததென அமையாமல், விடுபாட்டை ஏற்று அதற்கெனத் தனித் தொகுதி கண்ட நேர்மை, தொகுதிகளின் எண்ணிக்கையினும் பெரிது.

இவ்விருபது ஆண்டுகளில் அவர் எழுதாது போன கவிதைகள் எத்தனையோ! கவிஞர்க்கு இது உறுத்தும் வினாவே. ஆயினும் பேனா முற்றும் உறங்கவில்லை. பாரதியின் சிதறிக்கிடந்த எழுத்துக்களைப் பழைய இதழ்களினின்று திரட்டிப் 'பாரதி தமிழ்' என 1953இல் வெளியிட்டதும் இக்காலத்தேதான், இசைப்பாடல்களும் தொடர்ந்தன.

1968இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்வாண்டே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் வந்தது. மீண்டும் பொருட்பட்டியல், மீண்டும் எழுதுவோரைத் தேடல், மீண்டும் பத்துத் தொகுதிகள். 1976இல் அதனையும் முடித்த தூரன், 1987இல் மறைந்தார்.